விளக்கு வைக்கிற நேரத்து ‘ஆகட்டும்’

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார்கள். ஸ்வீடனில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசி ஞாயிறு இது நடக்கும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தை மட்டும் நாற்காலி போட்டு ஏறி நாம்தான் திருப்ப வேண்டும். நாற்காலி மேல் நின்றுகொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருடம் இந்த ஒரு மணி நேரம் தள்ளிப்போகாமல் இருந்திருந்தால், பதினோரு வருடமாகப் பார்த்துவந்த வேலையை என் அம்மா என் பேச்சைக் கேட்டு விட்டிருப்பாள். அவளுக்குப் பெரிய நல்லது செய்துவிட்டதாக நானும் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். எழுதினால் மூன்று சொல். எங்கள் வீட்டில் அது ஒரே சொல். அம்மா நடுவில் மூச்சே விடாமல் ‘வெளக்குவெக்கிறநேரம்’ என்பாள்.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா கம்பி உருட்டும் ஆலையில் வேலை பார்த்தார். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தவறிப்போனார். அம்மா பெயர் செல்வி. தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு. நான் ரேவதி, வயது இருபத்தேழு, கோத்தன்பர்க் என்று வரைபடத்தில் போட்டிருக்கும் ஊரில் வண்டிகளுக்கான மென்பொருளைச் சோதிக்கிறேன். அந்த ஊர்ப் பெயரை இவர்கள் ‘யோத்தெபோரி’ என்கிறார்கள். வந்த முதல் மாதம் நான் குடியிருக்கும் ஊரின் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

‘மாலை’ கட்டுரை நோட்டில் எழுதுகிற சொல். ‘சாயந்தரம்’ என்றால் நாலு மணி டீயிலிருந்து ஏழு மணி சீரியல்வரை எல்லாம் அடங்கும். ‘பொயுதோட வந்துடு’ என்றால் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர் என்று பொருள்; பெண் பிள்ளைகளிடம் மட்டும் சொல்வார்கள், பையன்களிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதற்கெல்லாம் கடிகாரமோ வானமோ இருந்தால் போதும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். யாராவது எழுந்துபோய்த் தீக்குச்சியைக் கிழித்தால்தான் அது வரும்.

வந்துவிட்டால் பாதி காரியங்களுக்குத் தடை.

“வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாடி தலய விரிச்சிப் போட்டுகினு நிக்கிற?”

“எயுந்திருடி. வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா படுக்க வேண்டிக் கெடக்குது?”

பெருக்கக் கூடாது. ஊசி, உப்பு கொடுக்கக் கூடாது. அழக் கூடாது; அழுவதானால் அரை மணி நேரம் பொறுத்து அழ வேண்டும். நான் நிஜமாகவே பொறுத்திருந்து அழுத நாள்கள் உண்டு.

எண்ணெய் விளக்கு இல்லாத வீடுகளிலும் இது இருந்தது. டியூப்லைட் ஸ்விட்சைத் தட்டியதும் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்பா சொல்வார்: ஆலையில் செகண்ட் ஷிப்டில் ஷெட்டு விளக்குகளைப் போட்டதும், ஹெல்மெட் மாட்டிய ஆட்கள் அத்தனை பேரும் ஒரு நொடி கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த கம்பியைத் தொடுவார்களாம். ஓவர்டைம் முடிந்து அம்மா வரும் கம்பெனி பஸ்ஸில், டிரைவர் உள்விளக்கைப் போட்ட கணத்தில் முப்பது பெண்களின் கை ஒன்றாக நெஞ்சுக்குப் போகும். எதிர்வீட்டு எஸ்தர் அத்தை அதே பஸ்ஸில் சிலுவை போட்டுக்கொள்வார். அத்தையும் அம்மாவும் ஒரே பேக்கிங் லைன், பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட்டு.

இன்னொரு விதியும் உண்டு. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். விளக்கு வைக்கிற நேரத்தில் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. எரிகிற விளக்குக்கு முன்னால் அந்த வார்த்தை வீட்டுக்குள் விழக் கூடாது என்பார்கள். ஒருமுறை சர்க்கரை வாங்கிவர என்னை எஸ்தர் அத்தை வீட்டுக்கு அம்மா அனுப்பினாள். சர்க்கரை டப்பா கழுவி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே அத்தை சொன்னார்:

“நெறைய கீது ரேவு. காலைல வந்து வாங்கிக்கோ.”

நான் திரும்பி வந்து, “அவங்க ஊட்ல காலிமா” என்றேன். அம்மா பட்டென்று தொடையில் அடித்தாள். காலி என்றும் சொல்லக் கூடாதாம்.

3

இங்கே வந்த முதல் டிசம்பரில் வரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பெயர் பதிந்து எண் வாங்கினால்தான் இந்த நாட்டில் நாம் ஓர் ஆள். வங்கி, வீடு, மருத்துவர் எல்லாம் அதற்குப் பிறகுதான். சீட்டு எடுத்து, உட்கார்ந்து, என் எண் பலகையில் வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்த ‘கூ க்வெல்’லைத் தெளிவாகச் சொன்னேன். மாலை வணக்கம். அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அடிக்கப் பத்து நிமிடம். “இன்னும் பிற்பகல்தான்” என்று அன்பாகத் திருத்திவிட்டு, என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

ஜூன் மாதத்தில் நேர்மாறு. மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் பகல் வணக்கம் சொன்னேன். வெயில் அப்படி அடித்துக்கொண்டிருந்தது. அவர் பைஜாமாவில் இருந்தார். மணி இரவு ஒன்பதரை.

ஆபீஸில் இன்னொரு கஷ்டம். அங்கே யாரும் விளக்குப் போடுவதில்லை. ஆள் அசைந்தால் கூரை விளக்குகள் தாமாக எரியும், யாரும் அசையாவிட்டால் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். முதல் வாரம் விளக்கு எரிந்தபோதெல்லாம் என் கை நெஞ்சுக்குப் போனது. குளிர்காலத்தில் நாளுக்குப் பதினைந்து தடவையாவது இருக்கும். பக்கத்து மேசை இங்ரிட், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டாள்: “உனக்கு நெஞ்சு வலியா?”

பிறகு கையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கையோடு சேர்த்து வேறு எதையெல்லாம் மறந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

4

போன வருடம் மே மாதம் ஒரு நாள் வேலைக்கு நடுவில், அம்மாவை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஒன்று தோன்றினால் அன்றைக்கே பாதி முடிந்துவிட வேண்டும். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவர இங்கே எளிய வழி இல்லை. விருந்தாளி விசாவில் மூன்று மாதம் இருக்கலாம். சரி, முதலில் மூன்று மாதம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். மூன்று மாத லீவை அவள் கம்பெனியில் தர மாட்டார்கள். காண்ட்ராக்ட் ஆள். அதனால் என்ன, வேலையை விட்டுவிடட்டும். பதினோரு வருடம் நின்றபடியே மூடி பொறுக்கியது போதாதா?

எங்கள் ஆபீஸில் பிற்பகல் இரண்டரைக்கு எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். ‘ஃபீக்கா’ என்று அதற்குப் பெயர். பிரதமரே கூப்பிட்டாலும் அந்த இருபது நிமிடம் யாரும் வர மாட்டார்கள். அதில்தான் நான் அம்மாவுக்குப் போன் செய்வேன். கோடையில் இங்கே இரண்டரை என்றால் அங்கே ஆறு. அம்மா காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவள், போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், ஐந்தேகாலுக்குத்தான் வீடு வருவாள், ஒன்பதுக்குப் படுத்துவிடுவாள். எனவே ஆறு மணி எங்கள் இருவருக்கும் தோதான நேரம். ஞாயிற்றுக்கிழமையும் பழக்கத்தில் அதே நேரம்தான்.

“அம்மா, வேலைய விட்டுடு. மூணு மாசம் இங்க வந்து இரு. கடல் கீது, டிராம் கீது, ஜாலியா சுத்தலாம்.”

“ஆவட்டும்மா.”

“பாஸ்போர்ட்டுக்கு எஸ்தர் அத்தையக் கூட்டிகினு போய்ட்டு வா.”

“ஆவட்டும், போலாம்.”

போனாள்! அதுதான் எனக்குப் பெரிய உற்சாகம். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் எந்த நாட்டுக்கு என்று கேட்டதற்கு, “என் பொண்ணு கீற நாட்டுக்கு” என்றாளாம். நான் இங்கே அழைப்புப் படிவம் நிரப்பினேன். குடும்பச் சான்று, சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம் எல்லாம் சேர்த்தேன். அம்மாவுக்குப் படுக்கை, குளிர் கோட்டு, உட்கார்ந்து காய் நறுக்க உயரம் குறைவான சமையல் மணை எல்லாம் வாங்கியாயிற்று. சென்னையில் விசாவுக்கு நாளும் வாங்கினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

“ரேவு, கம்பெனில லிஸ்ட்டு போட்டுகிறாங்க. எட்டு பேரு. என் பேரும் வந்துக்குது.”

“இன்னா லிஸ்ட்டு?”

“பர்மனென்ட்டு லிஸ்ட்டு. பொங்கலுக்குள்ள ஆயிடுமாம்.”

“சூப்பர்மா! நீ போற நேரம் பாத்து குடுக்கறாங்க பாரேன். இனிமே உனக்கு எதுக்கும்மா அது, காலை நீட்டி உக்காரு.”

தீப்பெட்டி உரசும் சத்தம் வந்தது. பிறகு, “ஆவட்டும்மா.”

அந்த மாதங்களில் வாட்ஸாப்பில் அவளுடைய குரல் செய்திகள் வரும். பஸ் இரைச்சலுக்கு நடுவில் நாலு வார்த்தை: “ரேவு, காலைல ஒரு நாளு பேசுமா.” அது அனுப்பப்படும்போது இங்கே நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து கேட்டுவிட்டு ஓர் இதயம் அனுப்புவேன். மூன்று தடவையோ நாலு தடவையோ அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பரில் பயணம் என்பதால் அக்டோபர் முடிவதற்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ராஜினாமா கடிதத்தை நானே ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். ஜி.என்.டி. ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டாள்.

“குடுத்துட்டியாம்மா?”

“ஆவட்டும். குடுத்துடலாம்.”

பதினெட்டு நாள் இதே கேள்வி, இதே பதில். எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. அம்மாக்கள் எல்லாவற்றையும் கடைசி நேரத்துக்குத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று இங்ரிட்டிடம் அலுத்துக்கொண்டேன்.

5

கடிகாரம் மாறியது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அம்மா எஸ்தர் அத்தையோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் பேசவில்லை. திங்கட்கிழமை இரண்டரைக்குக் காபிக் கோப்பையோடு ஜன்னலோரம் போய்க் கூப்பிட்டேன். மாதம் முடிய நாலே நாள்.

“இன்னாடி, இந்நேரத்துல?”

“எப்பவும் பண்ற நேரம்தான்மா.”

“மணி ஏழாவுது. வெளக்கு வெச்சி ஒரு மணி நேரம் ஆச்சி. பீன்ஸ் நறுக்கிகினு கீறேன்.”

“ஓ! இங்க டைம் மாத்திட்டாங்கம்மா. இனிமே மார்ச் வரைக்கும் இப்படித்தான்.”

“டைம மாத்திட்டாங்களா? யாரு?”

“கவர்மெண்ட்டு.”

“கவர்மெண்ட்டு மாத்துனா பொயுது மாறிடுமா?” என்று அம்மா சிரித்தாள். பின்னாலிருந்து எஸ்தர் அத்தையின் குரல் வந்தது.

“செல்வி, மணி ஏழு. இப்ப சொல்லு.”

“இரு எஸ்தரு.”

“இன்னா இரு? அஞ்சு மாசமா இரு இருன்னுகினு கீற. ரேவு! உங்கம்மா லெட்டர எடுத்துகினு ரெண்டு தபா எச்.ஆர். ரூமு வரிக்கும் போனா. ரெண்டு தபாவும் நான்தான் கையப் புடிச்சி இஸ்துகினு வந்தேன். மூணாவது தபா என்னால ஆவாது, தோளு வலிக்குது.”

“ஏன் அத்த இஸ்துகினு வந்தீங்க?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகாரமாகத்தான் கேட்டது.

“அவள கேளு.”

அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். மூச்சு கேட்டது.

“ரேவு, நான் வர்ல.”

இத்தனை வருடத்தில் அம்மா எனக்கு எத்தனையோ தடவை மறுத்திருக்கிறாள். ஆனால் இப்படித் தயங்கி, ஏதோ தப்புச் செய்தவள்போல மறுத்ததே இல்லை.

“விசாவுக்கு டேட் வாங்கியாச்சேம்மா…”

“தெரியும். கோட்டு வாங்கிட்ட, கட்லு வாங்கிட்ட, எல்லாம் தெரியும். நான் வேலைய உடமாட்டேன்டி. பதினோரு வருசம் எவனோ ஒரு காண்ட்ராக்டர் பேர சொல்லிகினு கேட்டுல நின்னேன். இப்பத்தான் லிஸ்ட்ல என் பேரு வந்துக்குது. இத்த உட்டா இன்னொரு தபா வராது. உன் ஊட்ல மூணு மாசம் சோக்கா இருந்துட்டு வந்து, அப்பறம் இன்னா பண்றது? எஸ்தரு பஸ்ஸு ஏறிப் போறத ஜன்னல்ல பாத்துகினு உக்காந்திருக்கவா?”

“அப்போ ஏம்மா அஞ்சு மாசமா எல்லாத்துக்கும் ஆவட்டும் ஆவட்டும்ன?”

“நீ வெளக்கு வெக்கிற நேரமாப் பாத்து போன் பண்ணா வேற இன்னா சொல்லுவேன்? கைல தீக்குச்சி எரியுது. பெத்த பொண்ணு வா வான்னு கூப்புடுது. வெளக்கு முன்னால நின்னுகினு மாட்டேன்னு சொல்ல வாயி வருமா? காலைல பேசு, காலைல பேசுன்னு எத்தினி தபா அனுப்பிச்சேன்?”

கோப்பையில் காபி ஆடை கட்டியிருந்தது.

“இன்னா, அழுவறாளா?” என்றார் அத்தை.

“இல்ல. யோசிக்கிறா.”

“அவளா? யோசிக்கிறாளா? மெய்யாலுமா?”

6

மேசைக்குத் திரும்பினேன். அன்றைக்கு நாலரை மணிக்கே சூரியன் இறங்கிவிட்டது. கடிகாரம் மாறிய முதல் வேலைநாள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போடும்; சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். மாடியில் இங்ரிட்டும் நானும் மட்டும். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிக்கொண்டே குளிராடையை எடுக்கக் கை நீட்டியபோது, “அசையாதே” என்றாள்.

“ஏன்?”

“அசையாமல் உட்கார். விளக்கு அணையட்டும்.”

இவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. பொழுது சாயும்போது வேண்டுமென்றே விளக்குப் போடாமல், இருட்டு அறைக்குள் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. ‘கூரா ஷும்னிங்’ என்கிறார்கள். மின்சாரம் வருமுன் எண்ணெயை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தது என்றாள் இங்ரிட். இப்போது பிடித்துப்போய்ச் செய்கிறார்கள். எங்கள் தெருவில் யாராவது இப்படி உட்கார்ந்தால் கதவைத் தட்டி, வீட்டில் யாருக்கு என்ன என்று கேட்டுவிடுவார்கள்.

கூரை விளக்குகள் அணைந்தன. என் கைக்கு ஸ்விட்சைத் தேடத் தோன்றியது. அங்கே ஸ்விட்சே கிடையாது. நல்லவேளை, கையைத் தொடைக்கு அடியில் வைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் முதலில் சாம்பலாகி, அப்புறம் கறுத்தன. அந்த இருட்டில் எனக்கு ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

பள்ளியில் மகாபலிபுரம் டூர். கேட்டால் அம்மா விட மாட்டாள் என்று தெரியும். எனவே நான் கணக்காக விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காத்திருந்து, அவள் திரியைத் தூண்டும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டேன். “ஆவட்டும்” என்றாள். பள்ளிக்கூடம் முழுக்க நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை நாஷ்டாவுக்குத் தட்டை வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: “டூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். தண்ணிகிட்ட உன்ன யாரு பாத்துக்கறது?” நான் குதித்தேன். “நேத்து ஆவட்டும்ன?” “நேத்து வெளக்கு வெக்கிற நேரம். இப்ப சொல்றதுதான் பதிலு.”

எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான் நடந்தது. ஆறு மணிக்குக் கேட்பது, காலையில் முடிவாவது. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, நான் வெளிநாடு போகலாமா கூடாதா, எல்லாம் காலை இட்லித் தட்டுக்கு முன்னால் முடிவானவை. இங்கே வந்த பிறகு எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறு மணி மட்டும் மிஞ்சியது. காலை இல்லாமல் போய்விட்டது. அவள் அதைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நான் இதயம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

“உன் அம்மா உன்னிடம் பொய் சொன்னதாக நினைக்கிறாயா?” என்று இருட்டில் இங்ரிட் கேட்டாள்.

“எனக்கு விளங்கும் என்று நம்பியிருக்கிறாள்” என்றேன். எழுந்தேன். எல்லா விளக்குகளும் பளீரென்று எரிந்தன. கை நெஞ்சுக்குப் போனதை இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

7

விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் ஒரு படிவம் இருந்தது. காரணங்களின் பட்டியலில் நோய், மரணம், பணமின்மை, உறவு முறிவு எல்லாம் இருந்தன. எங்களுடையது இல்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. விளக்கு, தீக்குச்சி, சர்க்கரை டப்பா என்று விளக்கமாக எழுத ஆரம்பித்தேன்; எழுத்து எண்ணிக்கை தாண்டிவிட்டது என்று சிவப்பாகக் காட்டியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘விண்ணப்பதாரர் தன் வேலையை விட விரும்பவில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

ராஜினாமா கடிதம் என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டேன். எஸ்தர் அத்தை அதில் வடை மடித்துக்கொண்டு போய்விட்டாராம். “நல்ல பேப்பரு, எண்ணெ நல்லா இயுக்குது” என்று அத்தை போனை வாங்கிச் சொன்னார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பர்மனென்ட் ஆனாள். அந்தச் செய்தியை அவள் எனக்கு எந்த நேரத்தில் சொன்னாள் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல சேதிக்கு அந்த நேரத்தைவிட நல்ல நேரம் இல்லை.

இப்போது நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். வாரநாட்களில் வழக்கம்போல் இரண்டரைக்குக் கூப்பிடுகிறேன். கோடையில் விளக்கோடு பேச்சு, குளிர்காலத்தில் பீன்ஸோடு. சாப்பாடு, பஸ், யார் யாரோடு சண்டை, இவ்வளவுதான், எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்கிறேன். அலாரம் வைத்து எழுகிறேன். அம்மா அப்போதுதான் நாஷ்டா முடித்துக் கை கழுவியிருப்பாள். என் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த நேரத்தில் அடி வாங்குகின்றன. அவள் பதில்கள் இப்படி: வீட்டுக்கு ஏ.சி. வேண்டாம். கல்யாணப் பேச்சை நீயாக எடுத்தால் பார்க்கலாம், நான் எடுக்க மாட்டேன். சமையல் மணை எனக்கு வேண்டாம், உனக்கே வைத்துக்கொள், இன்னும் நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாமே. அடி வாங்கிவிட்டு மறுபடி படுத்தால் நல்ல தூக்கம் வருகிறது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை, ஒரு தடவையாவது வந்து பார்க்கிறாயா என்று கேட்டேன். வேலையை விடாமல், லீவு போட்டு. “கம்பெனில கேக்கணும்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. நானும் தூண்டவில்லை. இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு, கடிகாரத்தைத் திருப்பிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கியபோது வாட்ஸாப்பில் ஒரு படம் வந்திருந்தது. கோடு போட்ட தாளில் அம்மாவின் கையெழுத்து. ஆங்கிலம் இல்லை, யாரையும் எழுதித் தரச் சொல்லவுமில்லை. மேலே ‘ஐயா’. அதன் கீழே:

‘வெளிநாட்டில் வேலை செய்யும் என் மகளைப் பார்த்துவர எனக்கு மே மாதம் பதினெட்டு நாட்கள் விடுப்பு வேண்டும். பத்தொன்பதாம் நாள் காலை ஷிப்டுக்கு வந்துவிடுவேன்.’

ஓரத்தில் மேலாளர் பச்சை மையில் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனிப் பதிவேட்டில் எண் கிடையாதாம். அவர்கள் எல்லோரும் ஒரே காண்ட்ராக்டரின் பெயரில்தான் இருப்பார்களாம். பர்மனென்ட் ஆனால்தான் ஆளுக்கொரு எண். கடிதத்தின் அடியில் ‘இப்படிக்கு, பா. செல்வி’ என்று எழுதி, அதற்குக் கீழே தன் எண்ணைப் போட்டு, எண்ணின் அடியில் ஸ்கேல் வைத்து அம்மா இரண்டு கோடு இழுத்திருந்தாள்.